தூக்க மாத்திரை முன்போல வேலை செய்யவில்லை: கூட்டுவதா, மாற்றுவதா, நிறுத்துவதா?

இரண்டு வாரத்துக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஸோல்பிடெம் 10 மி.கி. மாத்திரையை மூன்றாவது மாதமாகத் தினமும் போடுகிறீர்கள். முதலில் அரை மணிக்குள் தூக்கம் வந்தது, இப்போது ஒன்றரை மணி நேரம் புரள வேண்டியிருக்கிறது. ஒன்றரை மாத்திரையாகக் கூட்டலாமா, நண்பர் சொல்லும் குளோனாஸிபாமுக்கு மாறலாமா, இல்லை நாளையோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்த மாத்திரையோடு இருக்கும் வரை ஆபத்தில்லாமல் இருப்பது எப்படி, இதிலிருந்து ஆபத்தில்லாமல் வெளியே வருவது எப்படி? அதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். மருந்தியல் படித்து மருத்துவமனை மருந்தகத்தில் நெடுநாள் வேலை பார்த்த அறிவிலிருந்து சொல்கிறேன். உங்கள் வயது, ஈரலின் நிலை, வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆகவே இங்கே வரும் அளவுகளை எழுதிக் கொடுத்த டாக்டரோடு பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரே செய்து பார்ப்பதற்கு அல்ல.

முதலில் ஒன்றரை மாத்திரை. பெரியவர்களுக்கு ஒரு இரவில் ஸோல்பிடெம்மின் உச்ச அளவே 10 மி.கி.தான். அதற்கு மேல் போனால் தூக்கம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. மறதியும் தள்ளாட்டமும் காலை மந்தமும் கூடுகின்றன. சொல்லப்போனால் பலருக்கு 10 மி.கி.யே அதிகம். 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான ஆரம்ப அளவை 10-லிருந்து 5 மி.கி.க்குக் குறைத்தது. காரணம், 10 மி.கி. சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழித்தும் பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கும் ஆண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கும் வண்டி ஓட்டும் திறனைக் கெடுக்கும் அளவுக்கு மருந்து இரத்தத்தில் மீந்திருந்தது. மருந்தை உடல் கழிக்கும் வேகம் பெண்களுக்குக் குறைவு. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் 5 மி.கி.தான், ஈரல் மிகவும் கெட்டிருந்தால் இந்த மருந்தே கூடாது. இதில் கவனிக்க வேண்டியது, மீந்திருக்கும் மருந்தை நாமாக உணர முடியாது என்பது. தெளிவாக இருப்பதாகவே தோன்றும். பிரேக்கை மிதிக்கும் கால் மட்டும் தாமதிக்கும்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன் அதைப் போடும் விதத்தைப் பாருங்கள், ஏனென்றால் பாதிக் குறை அங்கேதான் இருக்கும். ஸோல்பிடெம் வெறும் வயிற்றில் வேகமாக ஏறும் மருந்து. சாப்பாட்டோடு போட்டால் இரத்தத்தில் உச்சத்தை எட்டும் நேரம் சுமார் 1.4 மணியிலிருந்து 2.2 மணிக்குத் தள்ளிப்போகும், அந்த உச்சமும் கால்பங்கு குறையும். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் புரள்வதாக இருந்தால், உங்கள் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. சாப்பாடு அதைத் தடுத்து வைத்திருக்கலாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழியட்டும். பல் துலக்கி, கதவு பூட்டி, எல்லா வேலையும் முடித்து, படுக்கையில் உட்கார்ந்த பிறகே மாத்திரையை விழுங்குங்கள். விழுங்கியதும் விளக்கை அணைத்துப் படுத்துவிடுங்கள். எழுந்திருக்க இன்னும் முழுதாக ஏழெட்டு மணி நேரம் இல்லாவிட்டால் அன்று வேண்டாம். நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இன்னொரு பாதியை உடைத்துப் போடுவது மிகத் தவறான பழக்கம். நடு இரவில் போடுவதற்கென்று நாக்கின் அடியில் கரையும் மாத்திரை தனியாக உண்டு. அதன் அளவு பெண்களுக்கு 1.75, ஆண்களுக்கு 3.5 மி.கி. மட்டுமே, அதற்கும் இன்னும் நான்கு மணி நேரத் தூக்கம் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களிடம் இருப்பது அதுவல்ல. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இரவு முழுவதும் பரவ வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

விழுங்கியதும் படுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து ஏறிய பின் விழித்திருந்தால், புதிய நினைவுகளைப் பதியும் வேலையை மூளை நிறுத்தியிருக்கும். போனில் பேசியது, அனுப்பிய செய்தி, வாங்கிய பொருள், எதுவும் காலையில் நினைவில் இருக்காது. இன்னும் கடுமையானது, தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டியை எடுத்துக்கொண்டு போவது. இதற்காக 2019-ல் அமெரிக்காவில் ஸோல்பிடெம்முக்கும், அதே குடும்பத்து எஸ்ஸோபிக்ளோன், ஸலெப்ளான் மருந்துகளுக்கும் மிகக் கடுமையான வகை எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அப்போது ஆராயப்பட்ட 66 சம்பவங்களில் 20 மரணத்தில் முடிந்தவை. அரிதுதான், ஆனால் குறைந்த அளவிலும், முதல் மாத்திரையிலேயேகூட நடந்திருக்கிறது. ஆகவே உடன் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள், வண்டிச் சாவியை அவரிடம் கொடுங்கள். காலையில் அடுப்படியில் நீங்கள் வைத்த நினைவில்லாத பாத்திரம் இருந்தால், ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும், அந்த மருந்தையும் அதே குடும்பத்து மருந்துகளையும் மறுபடி தொடக்கூடாது. அன்றே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

அடுத்தது, கூடவே எது உள்ளே போகிறது என்பது. தூக்க மாத்திரையால் நேரும் மரணங்கள் பெரும்பாலும் அந்த மாத்திரை மட்டும் தனியாகச் செய்தவை அல்ல. மூச்சை மந்தமாக்கும் இன்னொன்று கூடவே இருந்திருக்கும். மது முதலாவது. ‘ஒரு பெக்தானே, நான்கு மணி நேரம் ஆகிவிட்டதே’ என்ற கணக்கெல்லாம் போட வேண்டாம். குடித்த இரவில் மாத்திரை இல்லை, அவ்வளவுதான். டிராமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளும், கோடீன் கலந்த இருமல் சிரப்பும் அதே அளவு ஆபத்து. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் ஆகியவையும் மந்தத்தைக் கூட்டும். பலர் மருந்தாகவே எண்ணாத சளி, ஒவ்வாமை மாத்திரைகளில் குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் உண்டு. செட்டிரிஸினும் சிலரைத் தள்ளாட வைக்கும். கிருமிக்கான கிளாரித்ரோமைஸின், பூஞ்சைக்கான இட்ராகோனஸோல் போன்ற மருந்துகள் ஈரலில் ஸோல்பிடெம் கழியும் வழியை அடைப்பதால் அதே 10 மி.கி. கூடுதல் அளவுபோல நடந்துகொள்ளும். காசநோய்க்கான ரிஃபாம்பிஸின் நேர்மாறு, மருந்தை விரைவில் கழித்துவிடும். புதிதாக எந்த மருந்து எழுதினாலும், பல் பிடுங்குவதற்கு மயக்க ஊசி போடுவதானாலும், இரவில் இந்த மாத்திரை போடுகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இனி நண்பரின் யோசனை. குளோனாஸிபாம் தூங்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடம்பில் உள்ள ஸோல்பிடெம் பாதியாகக் குறைய இரண்டரை மணி நேரம் போதும். குளோனாஸிபாம் பாதியாக 30 முதல் 40 மணி நேரம் வரை ஆகும். நேற்று போட்டது தீரும் முன் இன்றையது சேர்கிறது. தினமும் போட்டால் ஒரு வாரத்தில் பகலும் இரவும் மருந்துக்குள்ளேயே இருப்பீர்கள். சிறிய மாத்திரை, 0.5 மி.கி.தானே என்ற எண்ணமும் தவறானது. மில்லிகிராம்களை மருந்துக்கு மருந்து ஒப்பிட முடியாது; சுமார் 0.5 மி.கி. குளோனாஸிபாம், 10 மி.கி. டயஸிபாமுக்குச் சமமாகக் கணக்கிடப்படுகிறது. இவ்விரண்டும் சேர்ந்த பென்ஸோடையஸெபின் வகையில் உடல் பழகிவிடும் தன்மையும், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் அபாயமும் ஸோல்பிடெம்மைவிடத் தீவிரம். இந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் பழக்கம், சார்பு குறித்த எச்சரிக்கை 2020-ல் அமெரிக்காவில் பலப்படுத்தப்பட்டது. அடுத்தவர் மருந்துச்சீட்டில் இருக்கும் மருந்து அவருடைய நோய்க்கு எழுதியது என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, நாளையோடு நிறுத்துவது. இதில்தான் நல்ல எண்ணத்தோடு பலர் தோற்கிறார்கள். வாரக்கணக்கில் தினமும் போட்ட மாத்திரையை ஒரே நாளில் விட்டால் முதல் சில இரவுகள் தூக்கம் பழைய நிலையைவிட மோசமாகும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனத்தின் வேலையை இந்த மருந்து கூட்டிக் கொடுக்கிறது. அது பழகிய மூளை தன் பங்கைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்து போனதும் அந்தக் குறை அப்படியே வெளியே தெரிகிறது. ஸோல்பிடெம் போன்று விரைவில் கழியும் மருந்தில் இது பெரும்பாலும் முதல் சில இரவுகளில் அடங்கிவிடும். ஆனால் அந்த இரவுகளில் ‘மாத்திரை இல்லாமல் என்னால் முடியவே முடியாது’ என்ற முடிவுக்கு வந்து மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். அது நோய் திரும்பியதன் அறிகுறி அல்ல, நிறுத்தியதன் எதிரொலி. இதை முன்பே தெரிந்துவைத்திருப்பவர் தாக்குப்பிடிப்பார். அளவை மீறி நிறைய நாள் சாப்பிட்டவர்களுக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்புகூட வரலாம். அப்படிப்பட்டவர் சொந்தமாகக் குறைக்கவே கூடாது.

குறைக்கும் முறை அலுப்பூட்டும் அளவுக்கு மெதுவானது, அதனால்தான் பலிக்கிறது. 2018-ல் வெளியான கனடா வழிகாட்டுதல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு குறைத்து, முடிவை நெருங்கும்போது அதிலும் பாதி வேகத்தில் போகச் சொல்கிறது. உங்கள் நிலைக்கு அது தோராயமாக இப்படி வரும்: 5 மி.கி. மாத்திரைகளாக எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் ஒன்றரை மாத்திரை, அதாவது 7.5 மி.கி.; அடுத்த இரண்டு வாரம் 5; பிறகு இரண்டு வாரம் பாதி மாத்திரை, 2.5, கடைசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே பாதியைப் போட்டு நிறுத்துவது. உடைப்பதற்கு நடுவில் கோடு போட்ட சாதாரண வகைதான் ஏற்றது, மருந்துக்கடையில் மாத்திரை வெட்டும் சிறிய கருவி கிடைக்கும். ஒரு படியில் தூக்கம் கெட்டால் அந்தப் படியிலேயே இன்னும் ஒரு வாரம் இருங்கள், மேலே ஏறாதீர்கள். வேலை மாற்றம், தேர்வு, வீட்டில் நோய் என்று நெருக்கடியான வாரத்தில் முதல் படியைத் தொடங்காதீர்கள். கடைசிப் பாதி மாத்திரையை விடுவதுதான் பலருக்கு மிகக் கடினம். அதன் வேலையில் பெரும்பகுதி நம்பிக்கைதான் என்றாலும் அந்தப் பயம் உண்மையானது, அதற்கு நேரம் கொடுக்கலாம்.

மருந்து இறங்கும்போது அந்த இடத்தை நிரப்ப ஒன்று வேண்டும். அது இல்லாமல் குறைப்பது வெறும் மன உறுதியை நம்பிச் செய்வது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லும் ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் 2017-லும் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னது மாத்திரையை அல்ல. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பயிற்சியை. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டால் அது நாட்பட்டது. இந்தப் பயிற்சியின் முதுகெலும்பு இரண்டு விதிகள். ஒன்று, இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கினால் மட்டும் திரும்புவது. கடிகாரத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாகச் செய்யுங்கள். படுக்கையில் போன், வேலை, சாப்பாடு எதுவும் கூடாது. ஒரு எச்சரிக்கை: மாத்திரை போட்ட இரவில் எழுந்து நடமாடுவது தள்ளாட்டத்துக்கு வழி, அந்த இரவுகளில் படுக்கையருகிலேயே ஒரு நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு, படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவது. மாத்திரை போட்டால் ஏழெட்டு மணி நேரம் வேண்டும் என்று மேலே சொன்னதால், இது மாத்திரை போடாத இரவுகளுக்கு மட்டும். ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதி, சராசரியாக உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்று தெரிந்தால் படுக்கை நேரமும் ஐந்தரைதான்: ஆறு மணிக்கு எழுவதானால் பன்னிரண்டரைக்குத்தான் படுக்க வேண்டும். விடுமுறை நாளிலும் அதே ஆறு மணி. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்கக்கூடாது. படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கியதும் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். முதல் பத்து நாள் பகல் தூக்கம் வாட்டும், அது முறை பலிக்கிறது என்பதன் அடையாளம். வலிப்பு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும், கனரக வாகனம் ஓட்டுபவர்களும் இந்தச் சுருக்கலை மருத்துவர் கண்காணிப்பில்லாமல் செய்யக்கூடாது. தூக்கக் குறைவே நோயாளிகளுக்கு நோயைக் கிளப்பிவிடும், ஓட்டுபவர்களுக்கு விபத்தில் முடியலாம்.

மாத்திரைக்கு அடியில் வேறு நோய் மறைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்தால் கண் அயர்வது இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு நோயா என்று பரிசோதிக்கும் வரை தூக்க மாத்திரையே சந்தேகத்துக்குரியது. படுத்ததும் கால்களை அசைத்தால்தான் நிம்மதி என்றால் இரத்தத்தில் ஃபெரிடின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பது வழக்கம். மாலையில் போடும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், சிறுநீர் பிரியும் மாத்திரை ஆகியவை தூக்கத்தைக் கெடுக்கும். அவற்றின் நேரத்தைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். உடம்பில் உள்ள காபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆவதால் மதியத்தோடு காபியை முடித்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு வெகு முன்பே விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், மனம் கனத்துக் கிடந்தால் மனச்சோர்வுக்கான சிகிச்சை முதலில் வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் மாத்திரைப் பட்டையை இன்றே வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இன்றே மருத்துவரைப் பாருங்கள். இதில் காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை உறுதியானவை. உறுதியில்லாதவற்றையும் பிரித்துச் சொல்கிறேன். தூக்க மாத்திரை மறதி நோயைக் கொண்டுவருமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மறதி நோயின் ஆரம்பத்திலேயே தூக்கம் கெடுவதால், மாத்திரை காரணமா, மாத்திரையைத் தேட வைத்த நோய் காரணமா என்று பிரிப்பது கடினம். வயதானவர்கள் விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் அப்படிச் சந்தேகத்துக்குரியவை அல்ல. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வது முக்கியமாக அதனால்தான். நீண்ட நாள் போட்டால் எல்லோருக்கும் வீரியம் குறைந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. எஸ்ஸோபிக்ளோனை ஆறு மாதம் தினமும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலன் நீடித்தது. ஆகவே டாக்டரின் மேற்பார்வையில், மாறாத அளவில், நீண்ட நாள் போடும் ஒருவரை ‘அடிமை’ என்று அழைப்பது அநியாயம். அளவைத் தானே கூட்டுவது, தீரும் முன்பே மருந்து தேடி இரண்டாவது டாக்டரிடம் போவது, பகலில் கவலைக்குப் போடுவது ஆகியவைதான் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

வேறு மருந்து தேவைப்பட்டால் கேட்கக்கூடியவையும் உண்டு, எல்லா நாட்டிலும் எல்லாம் கிடைக்காது. நடுராத்திரி விழிப்புக்கு 3 அல்லது 6 மி.கி. டாக்ஸெபின் போதும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவில் சிறு பங்குதான் இது. விழித்திருக்கச் செய்யும் ஒரெக்ஸின் சமிக்ஞையை அடைக்கும் சுவோரெக்ஸன்ட் 2014-லும், லெம்போரெக்ஸன்ட் 2019-லும், டாரிடோரெக்ஸன்ட் 2022-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நிறுத்தும்போது ஏற்படும் தொல்லை இவற்றில் குறைவு, காலை மந்தம் இவற்றிலும் உண்டு. குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்தை வெறும் தூக்கத்துக்காகச் சிறிய அளவில் எழுதினால், எனக்கு இது எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள். எடையும் சர்க்கரையும் கூடும் மருந்து அது.

கருவுற்றிருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். யாராவது இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு உலுக்கியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காலிப் பட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு வார நாட்குறிப்பை எடுத்துச் செல்லுங்கள்: சாப்பிட்ட நேரம், மாத்திரை நேரம், படுத்தது, தோராயமாகத் தூங்கியது, விழித்தது, எழுந்தது, அன்று குடித்த காபி, போட்ட மற்ற மருந்துகள். கேட்க வேண்டியவை: 5 மி.கி.க்கு இறங்குவது எனக்குச் சரியா, எந்தத் தேதியில் முடிக்கலாம், அதற்குள் மறுபடி எப்போது வரட்டும். முழுதாக நிறுத்தி நான்கு வாரம் கழிந்தும், படுக்கை விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தும், வாரத்தில் மூன்று இரவு தூக்கம் கெடுகிறது என்றால் தூக்கப் பரிசோதனைக்கோ, இந்தப் பயிற்சி தரும் உளவியலாளரிடமோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.